பெர்பெத்துவா, பெலிசித்தா நாடகம்: ஆவணத்தில் இருப்பது எது, பின்னால் சேர்ந்தது எது?

எலத்தகிரி மறைக்கல்வி எழுதியது:

இயேசுவுக்கே புகழ். தவக்காலத்தில் எங்கள் பங்கில் அன்பியங்கள் (பகுதிவாரிக் குழுக்கள்) சேர்ந்து பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளின் நாடகம், போடுவது வழக்கம். இந்த முறை அதற்கு முன்பாக, மார்ச் 7ஐ ஒட்டி, தொடக்கத் திருச்சபையில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த பெண் மறைசாட்சிகளைப் பற்றி முக்கால் மணி நேர நாடகம் ஒன்று வேண்டும் என்று பெண்கள் கேட்கிறார்கள். பெர்பெத்துவா, பெலிசித்தா இருவரின் கதையை எடுத்திருக்கிறோம், மார்ச் 7 அவர்கள் திருநாள்.

கையில் கிடைத்த கையெழுத்துப் பிரதியில் பெலிசித்தா பெர்பெத்துவா வீட்டு வேலைக்காரியாக வருகிறாள். பெர்பெத்துவாவின் கணவன் ரோமைப் படைத்தலைவன், அவனே அவளைக் காட்டிக்கொடுக்கிறான். அப்பா கொடுமைக்காரர். கடைசியில் சிங்கம். இதில் எவ்வளவு உண்மை? விலங்குகள் வரும் காட்சியைக் கோயில் மைதானத்தில், முன்வரிசையில் சிறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் காட்டுவது? ஊரில் எல்லா மதத்தாரும் பார்க்க வருவார்கள், யார் மனமும் நோகக்கூடாது. நடிக்கப் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பிரதியைத் திருத்திக்கொள்வோம்.

---

ஓசூர் வாசகன் எழுதியது:

சகோதரி, நீங்கள் சொன்ன நான்கும் ஆவணத்தில் இல்லை. நல்லவேளையாக இந்த இருவர் விஷயத்தில் ஆவணம் மிக உறுதியானது. சம்பவம் நடந்தது கி.பி. 203இல், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில். இன்றைய துனிசியா அது. செப்திமியுஸ் செவேருஸ் பேரரசராக இருந்த காலம். இலத்தீனில் உள்ள அந்தப் பாடுகளின் வரலாறு 21 சிறு பகுதிகள் கொண்டது. அதில் 3 முதல் 10 வரை பெர்பெத்துவா சிறையில் இருந்தபடி எழுதிய குறிப்பு. 11 முதல் 13 வரை உடன் இருந்த சத்துருஸ் கண்ட காட்சி. முன்னுரையையும் மீதியையும் பெயர் சொல்லாத ஒரு தொகுப்பாளர் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் வாயால் சொன்னதாக நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இது ஒன்று. அதை வைத்துக்கொண்டு நாம் வசனம் புனைவது அவசியமே இல்லை.

பெலிசித்தா யார்? ரெவொக்காத்துஸ் என்பவரோடு சேர்ந்து அடிமையாக இருந்தவள் என்று மட்டும் தொகுப்பாளர் சொல்கிறார். எஜமானர் யார் என்று இல்லை. பெர்பெத்துவாவின் குறிப்பில் பெலிசித்தா பெயர்கூட வருவதில்லை. "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே நிற்கும் வேலைக்காரியாக அவளை ஆக்கினால் மேடையில் அவளுடைய துணிவு எஜமானியிடம் கடன் வாங்கியதுபோல ஆகிவிடும். அவள் தன் விசுவாசத்தால் நின்றவள். இதைக் கட்டாயம் மாற்றுங்கள்.

பெர்பெத்துவாவுக்கு அப்போது ஏறக்குறைய 22 வயது. நல்ல குடும்பம், படித்தவள், முறைப்படி மணமானவள், கையில் பால் குடிக்கும் ஆண் குழந்தை. தாய், தந்தை, இரண்டு சகோதரர்கள் உயிரோடு இருந்தார்கள். கணவன் எங்கே, என்ன ஆனான் என்று ஒரு வரிகூட இல்லை. ஆகவே நாடகத்திலும் அவன் வேண்டாம். ஒரு பாத்திரம் குறைந்தால் உங்களுக்கும் ஆள் மிச்சம்.

பிடிபட்டபோது இவர்கள் யாரும் திருமுழுக்குப் பெற்றிருக்கவில்லை, தயாரிப்பில் இருந்தவர்கள். பெர்பெத்துவா, பெலிசித்தா, ரெவொக்காத்துஸ், சத்துர்னினுஸ், செக்குந்துலுஸ் என ஐந்து பேர். இவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்த சத்துருஸ் அன்று அங்கே இல்லை, பிறகு தானாக வந்து சேர்ந்துகொண்டார். காவலில் இருக்கும்போதே திருமுழுக்கு நடந்தது. சில நாள் கழித்துத்தான் சிறை. பல நாடகங்களில் குடத்துக் காட்சியைச் சிறைக்குள் வைக்கிறார்கள். அது சிறைக்கு முன்னால் நடந்தது. தந்தை வந்து மனம் மாற்றப் பார்க்கிறார். அவள் அங்கே கிடந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். "அதேபோல நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது" என்கிறாள். உங்கள் நாடகத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

தந்தையைக் கொடியவராகக் காட்டுவது பெரிய தவறு. கோபத்தில் கண்ணைப் பிடுங்க வருபவர்போலப் பாய்கிறார், உண்மைதான். ஆனால் நான்கு முறை வருகிறார், ஒவ்வொரு முறையும் மேலும் உடைந்துபோய் வருகிறார். இரண்டாம் முறை மகளின் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, "மகளே" என்று கூப்பிடாமல் "அம்மணி" என்று கூப்பிட்டுக் கெஞ்சுகிறார். மூன்றாம் முறை விசாரணை மேடையருகே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அவரைத் தள்ளிக் கோலால் அடிக்க அதிகாரி உத்தரவிட்டபோது, அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல வலித்தது என்று பெர்பெத்துவா எழுதுகிறாள். அவருடைய முதுமையை எண்ணி வருந்தினேன் என்கிறாள். அன்பில்லாத மகள் அல்ல அவள். அன்பு முழுவதும் இருந்தும் அசையவில்லை. அங்கேதான் அவளுடைய துணிவு தெரிகிறது. அப்பாவைக் கெட்டவராக்கினால் அந்தக் காட்சியே செத்துவிடும்.

விசாரித்தவர் இலாரியானுஸ். ஆளுநர் இறந்துபோனதால் அவருடைய அதிகாரத்தை ஏற்றிருந்தவர். கேள்வி பதில் இவ்வளவுதான்: "தந்தையின் நரைத்த தலையைப் பார், பிள்ளையைப் பார். பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்து." "செலுத்த மாட்டேன்." "நீ கிறிஸ்தவளா?" "ஆம், கிறிஸ்தவள்." அரங்கத்தில் விலங்குகளிடம் எறியச் சொல்லித் தீர்ப்பு. இதற்கு மேல் வசனம் சேர்த்தால் கெட்டுவிடும்.

சிறையைப் பற்றி அவளே சொன்னவை: அப்படி ஓர் இருட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று நடுங்கினாள். கூட்ட நெரிசல், புழுக்கம், காவலர் பணம் பறிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய கவலை. தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலருக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க வழி செய்தார்கள். பசியால் வாடியிருந்த பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிறகு குழந்தை தன்னோடே சிறையில் இருக்க அனுமதி கிடைத்ததும் சிறையே தனக்கு அரண்மனை ஆனது என்று எழுதுகிறாள். தீர்ப்புக்குப் பின் தந்தை குழந்தையைத் தர மறுத்தார். அதன்பின் பிள்ளை பால் கேட்கவில்லை, தன் மார்பிலும் பால் கட்டி வலிக்கவில்லை, இறைவன் அப்படிச் செய்தார் என்று குறித்துவைக்கிறாள். ஒரு தாய்தான் இதை எழுதியிருக்க முடியும். உங்கள் ஊர்த் தாய்மார்கள் எந்த விளக்கமும் இல்லாமல் இதைப் புரிந்துகொள்வார்கள்.

இனி பெலிசித்தா. அவளுக்கு எட்டு மாதக் கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது என்பது ரோமைச் சட்டம். அவள் பயந்தது சாவுக்கு அல்ல. தன்னை மட்டும் பின்னால் நிறுத்தி, வேறு குற்றவாளிகளோடு தனியாகக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்தாள். குறித்த நாளுக்கு மூன்று நாள் முன்பு எல்லோரும் சேர்ந்து மன்றாடினார்கள், உடனே வலி கண்டது. எட்டாம் மாதப் பிரசவம், கடும் வேதனை. முனகியதைக் கேட்ட காவலன் ஒருவன், "இதற்கே இப்படியென்றால் விலங்குகளிடம் எறியும்போது என்ன செய்வாய்?" என்றான். அவள் சொன்ன பதில்: "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் படுவார், ஏனென்றால் நான் அவருக்காகப் படப்போகிறேன்." பெண் குழந்தை பிறந்தது. சகோதரி ஒருத்தி தன் மகளாக வளர்த்தாள்.

சிங்கம் எங்கும் வரவில்லை. ஆண்களுக்குச் சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி. இந்தப் பெண்கள் இருவருக்கும் மூர்க்கமான ஒரு பசு. பெண்கள் என்பதால் பெண் விலங்கைத் தேர்ந்தெடுத்து அவமானப்படுத்தினார்கள் என்கிறார் தொகுப்பாளர்.

---

பென்னாகரம் கூத்து ரசிகர் எழுதியது:

ஓசூர்க்காரர் சொன்ன மூன்று குரல்களைப் பார்த்தீர்களா? தொகுப்பாளர், பெர்பெத்துவா, சத்துருஸ். நம் பக்கத்துக் கூத்துக்கு இது அப்படியே பொருந்தும். தொகுப்பாளரைக் கட்டியங்காரனாக வையுங்கள். ஆனால் இங்கே கட்டியங்காரன் சிரிப்பு மூட்டக்கூடாது, கதை சொல்லிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். பெண்ணொருத்தி கட்டியங்காரி ஆனாலும் சிறப்பு, உங்களுக்கு ஆண்கள் குறைவுதானே. பெர்பெத்துவா தன் பகுதியை "நான்" என்றே சபையைப் பார்த்துச் சொல்லட்டும். அவள் எழுதியதும் அப்படித்தான்.

நேரப் பங்கீடு: குடத்துக் காட்சி 5 நிமிடம், சிறையும் குழந்தையும் 8, ஏணிக் கனவு 4, விசாரணை 7, பெலிசித்தாவின் பிரசவம் 6, கடைசி விருந்தும் வாசலும் 5, அரங்கம் 8. மொத்தம் 43. கூட்டம் அடங்கவும் திரை மாற்றவும் கொஞ்சம் கூடும், ஆகவே வசனத்தை இதற்கு மேல் நீட்டாதீர்கள். இலாரியானுஸ் வேடத்துக்கு நல்ல குரல் உள்ளவர் கிடைத்துவிட்டால் விசாரணைக் காட்சி தானாக வீங்கிவிடும், அங்கேதான் கவனம் வேண்டும்.

பெர்பெத்துவா சிறையில் கண்ட ஏணிக் கனவை நடித்துக் காட்டாதீர்கள். வானத்தைத் தொடும் வெண்கல ஏணி, ஒருவர் பின் ஒருவராக மட்டும் ஏறக்கூடிய ஒடுக்கம், இரு பக்கமும் வாள், ஈட்டி, கொக்கி, கத்தி, அடியில் பெரிய பாம்பு. அவள் அதன் தலையையே முதல் படியாக மிதித்து ஏறுகிறாள். மேலே தோட்டம். நரைத்த தலையோடு உயரமான மேய்ப்பர் ஒருவர் ஆடு கறந்துகொண்டிருக்கிறார். ஒரு துண்டு பால்கட்டி தருகிறார், கை குவித்து வாங்கி உண்கிறாள், சுற்றி நிற்பவர்கள் "ஆமென்" என்கிறார்கள். விழித்தபோது வாயில் இன்னும் இனிப்பு இருந்தது. அட்டைப் பாம்பு கட்டினால் பிள்ளைகள் சிரிக்கும். கட்டியங்காரி விருத்தமாகப் பாட, பெர்பெத்துவா தன் கால் ஒன்றைத் தூக்கி வைப்பது மட்டும் போதும்.

பசுவும் அப்படித்தான். சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு பையன்கள் வந்தால் எருது விடும் விழா பார்த்துப் பழகிய நம் ஜனம் விசிலடிக்கும், நாடகம் அங்கேயே முடிந்தது. நிழல்தான் வழி. எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் சுமார் 12 அடி அகலம், 8 அடி உயரத்துக்குத் திரை கிடைக்கும். மேலும் கீழும் மூங்கில் கோர்த்து இழுத்துக் கட்டுங்கள், காற்றில் ஆடினால் நிழல் நெளியும். பின்னால் ஒரே ஒரு போக்கஸ் லைட், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், திரைக்குப் பத்தடி தள்ளி. இரண்டு விளக்கு வைத்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிழல் விழும். பெண்கள் திரையை ஒட்டி நிற்க வேண்டும், அவர்கள் நிழல் ஆள் அளவில் தெளிவாக விழும். அட்டையில் வெட்டிய கொம்பும் தலையும் விளக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அது திரை முழுக்கப் பெரிதாக, ஓரம் மங்கலாக வரும். அந்த மங்கல்தான் பயத்தைக் கொடுக்கும். முன்பக்கம் இருக்கும் டியூப் லைட், கோபுர அலங்கார விளக்கு எல்லாவற்றையும் அணைக்க ஓர் ஆளை முன்கூட்டியே நிறுத்துங்கள், ஒரு விளக்கு எரிந்தாலும் நிழல் வெளுத்துவிடும். ஒத்திகையை இருட்டிய பிறகே வையுங்கள், பகலில் எதுவும் தெரியாது. பசு பாயும் இடத்தில் தவில் ஒரே ஒரு முறை. பிறகு முழு நிசப்தம், விளக்கு அணையட்டும். மறுபடி விளக்கு வரும்போது இருவரும் திரைக்கு முன்னால் தரையில் கிடக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடம். தள்ளிவிடப்பட்டு விழுந்த பெர்பெத்துவா, கிழிந்த அங்கியை இழுத்துத் தொடையை மூடுகிறாள். பிறகு கொண்டை ஊசியைத் தேடி எடுத்து அவிழ்ந்த கூந்தலை முடிகிறாள். விரித்த தலை துக்கத்துக்கு அடையாளம், தன் மகிமையின் நேரத்தில் துக்கப்படுபவள்போலத் தோன்றக்கூடாது என்பது காரணம். நம் மாவட்டத்தில் இதற்கு உரையே வேண்டாம். இழவு வீட்டில் தலைவிரி கோலம் எல்லோரும் கண்டது. பாரதக் கூத்தில் திரௌபதி விரித்த கூந்தலோடு சபதம் செய்து, துரியோதனன் விழுந்த பிறகு படுகளத்தில் முடிவதைப் பார்த்து வளர்ந்த ஜனம் இது. கூந்தலை முடிந்தால் வெற்றி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசத்தை நடிக்கிறவர் உணர்ந்திருக்க வேண்டும். திரௌபதி பகைவன் விழுந்த பிறகு முடிகிறாள். இவள் தான் விழுந்த பிறகு, சாவதற்கு முன்பே முடிகிறாள், பழி எதுவும் கேட்காமல். அந்தச் செயலை அவசரமில்லாமல், முகம் சபையைப் பார்க்கச் செய்யட்டும். பின்பாட்டு வேண்டாம்.

அடுத்து அவள் எழுந்து பெலிசித்தாவிடம் போய்க் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறாள், இருவரும் அருகருகே நிற்கிறார்கள். சீமாட்டியும் அடிமையும் ஒரே உயரத்தில் நிற்கும் அந்த நிலையைச் சில நொடி அப்படியே விடுங்கள்.

---

காவேரிப்பட்டணம் ஆசிரியை எழுதியது:

உடை பற்றி. நீல முக்காடு போட்டு மாதா சுரூபம்போல ஆக்க வேண்டாம். வெளுக்காத காடாத்துணியில் தோள் முதல் கணுக்கால் வரை தளர்ந்த அங்கி, ஆளுக்கு இரண்டே முக்கால் மீட்டர் போதும். அரங்கக் காட்சியில் இடுப்புக் கயிறு கூடாது, ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது. முதலில் அவர்களை ஆடை களைந்து வலைக்குள் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மென்மையான இளம்பெண், இன்னொருத்தி பிரசவித்த சில நாளில் மார்பில் பால் கசிய நிற்கிறாள் என்று கண்ட கூட்டமே அதிர்ந்தது, திரும்ப அழைத்து அங்கி உடுத்தினார்கள். இதைக் கட்டியங்காரி இரண்டு வரியில் சொன்னால் போதும். பெர்பெத்துவாவின் அங்கியைப் பக்கவாட்டில் முழங்கால் வரை முன்பே பிரித்து, மூன்று தளர்ந்த தையல் மட்டும் போட்டு வையுங்கள். உள்ளே ஒரு முழுப் பாவாடை கட்டாயம். கொண்டை ஊசி மின்னுகிற பெரியதாக இருக்கட்டும், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

குழந்தைக்குத் துணிப் பொம்மைதான். நிஜக் குழந்தையை மைக் சத்தத்திலும் விளக்குச் சூட்டிலும் வைத்திருப்பது பாவம், அழுதால் காட்சியும் போய்விடும். பொம்மைக்குள் ஒரு கிலோ அரிசி மூட்டை வைத்துக் கட்டுங்கள், கனம் இருந்தால் தூக்குகிற கை தானாகச் சரியாக வளையும்.

எல்லா மதத்தாரும் வருவார்கள் என்றீர்கள். பலி செலுத்தச் சொல்லும் காட்சியில் கற்பூரத் தட்டு, மணி, விபூதி, குங்குமம், அம்மன் சிலை எதையும் நினைவூட்டும் பொருள் மேடையில் இருக்கக்கூடாது. அங்கே கேட்கப்பட்டது பேரரசர்களின் நலனுக்கான பலி, அரசனுக்குக் காட்டும் விசுவாசச் சோதனை. ஒரு முக்காலி, மேலே தணல் கிண்ணம், பின்னால் பேரரசரின் கொடி. அது போதும். அண்டை வீட்டாரின் சாமியை மிதித்து நம் புனிதரை உயர்த்தத் தேவையில்லை, உண்மையும் அதுவல்ல.

கடைசி விருந்துக்கு முன் ஒரு சின்னக் காட்சியை விட்டுவிடாதீர்கள். மந்திரத்தால் தப்பிவிடுவார்கள் என்று பயந்து சிறை அதிகாரி அவர்களைக் கொடுமையாக நடத்தினான். பெர்பெத்துவா நேரே கேட்டாள்: "சீசரின் பிறந்தநாளில் சண்டையிடப் போகிறவர்கள் நாங்கள். கொஞ்சம் தெம்பாக எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் உனக்குத்தானே பெருமை?" அவன் வெட்கி, நல்லபடி நடத்த உத்தரவிட்டான். அந்தப் பிறந்தநாள் பேரரசரின் மகன் கெத்தாவுடையது. அரங்க வாசலில் ஆண்களுக்குச் சத்துர்ன் கோயில் பூசாரி உடையும் பெண்களுக்குச் செரெஸ் தேவதைக்கு அர்ப்பணிக்கப்பட்டவர்களின் உடையும் போட வற்புறுத்தியபோதும் அவள்தான் வாதாடினாள். இதைச் செய்யாமலிருக்கத்தானே உயிரையே கொடுத்தோம், அதுதானே உங்களோடு எங்களுக்கு ஒப்பந்தம் என்றாள். அதிகாரி விட்டுக்கொடுத்தான். நம் நாடகங்களில் பெண் புனிதர்கள் கண்ணை மேலே உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். இவள் பேசினாள், நியாயம் கேட்டாள், வென்றாள்.

சிறுமிகள் நிறைய இருந்தால் தொடக்கமாக ஐந்து நிமிடத்துக்குச் சில்லி என்ற ஊரின் மறைசாட்சிகளுடைய விசாரணையை வைக்கலாம். 180ஆம் ஆண்டு ஜூலை 17, அதே கார்த்தேஜ், ஆளுநர் சத்துர்னினுஸ். பன்னிருவரில் ஐந்து பேர் பெண்கள்: தொனாத்தா, வெஸ்தியா, செக்குந்தா, யானுவாரியா, ஜெனெரோசா. முழு ஆவணமும் ஒன்றிரண்டு பக்கம்தான். தொனாத்தா, "சீசருக்குச் சீசர் என்ற மரியாதை, அச்சமோ கடவுளுக்கு மட்டும்" என்கிறாள். வெஸ்தியா, "நான் கிறிஸ்தவள்." செக்குந்தா, "நான் எதுவோ அதுவாகவே இருக்க விரும்புகிறேன்." யோசிக்க 30 நாள் தவணை தருகிறேன் என்று ஆளுநர் சொன்னபோதும் மறுத்துவிட்டார்கள். தீர்ப்பு வாசித்ததும் எல்லோரும் "இறைவனுக்கு நன்றி" என்றார்கள். பிள்ளைகள் மனப்பாடம் செய்ய இதைவிடச் சுருக்கமான வசனம் கிடையாது.

---

தர்மபுரி சபை வாலிபன் எழுதியது:

மறைசாட்சிகளை நாங்கள் இரத்தசாட்சிகள் என்று சொல்வோம், எங்கள் சபையிலும் இந்தச் சரித்திரம் பிரசங்கத்தில் வரும். இரண்டு சந்தேகம். சத்துருஸ் தானாகப் போய்ச் சரணடைந்தார் என்கிறீர்கள், அது சரியா? பால் மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுப் போனது சரியா என்று வாலிபப் பெண்கள் கேட்டால் என்ன பதில்? இன்னொன்று, இவர்கள் மொந்தானுஸ் கூட்டத்தார், அதாவது புதிய இறைவாக்கு வருகிறது என்று சொன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே?

---

ஓசூர் வாசகன் எழுதியது:

நல்ல கேள்விகள். வலியப்போய் மாட்டிக்கொள்வதை அன்றைய சபை பொதுவாகப் பாராட்டவில்லை. ஸ்மிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பின் மரணத்தை விவரிக்கும் கடிதத்தில் குயிந்துஸ் என்ற ஒருவன் வருகிறான். தானும் சரணடைந்து மற்றவர்களையும் தூண்டினான், விலங்குகளைக் கண்டதும் பயந்து பலி செலுத்திவிட்டான். தாமாகப் போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை, நற்செய்தி அப்படிக் கற்பிக்கவில்லை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. சத்துருஸ் நிலை வேறு. தான் கற்பித்த புதியவர்கள் உள்ளே இருக்க, ஆசிரியர் வெளியே இருக்க மனம் வரவில்லை. பெர்பெத்துவாவும் பெலிசித்தாவும் சரணடைந்தவர்கள் அல்ல, பிடிக்கப்பட்டவர்கள்.

பிள்ளையைப் பற்றி: அவள் அதைத் தூக்கியெறிந்துவிட்டுப் போகவில்லை. தாயிடமும் சகோதரனிடமும் ஒப்படைத்தாள், முடிந்தபோது தன்னிடமே வைத்துக்கொண்டாள், தீர்ப்புக்குப் பிறகும் பால் கொடுக்கக் கேட்டு ஆள் அனுப்பினாள். பிள்ளையையும் தாயையும் பிரித்தது பலி செலுத்தச் சொன்ன சட்டம். அவள்மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வாசல் கடைசிவரை திறந்தே இருந்தது. அந்த வாசலில் அப்பாவும் பிள்ளையும் நின்றார்கள். அவள் கொடுத்த விலை என்னவென்று உங்கள் பெண்களுக்குச் சொல்லுங்கள், எளிதாக்கிச் சொல்லாதீர்கள்.

மொந்தானுஸ் விஷயம்: முன்னுரை எழுதியவர் புதிய காட்சிகளுக்கும் இறைவாக்குக்கும் தரும் அழுத்தத்தை வைத்து அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அது தொகுப்பாளரைப் பற்றிய வாதம். கார்த்தேஜ் திருச்சபை இவர்களைத் தன் பிள்ளைகளாகவே கொண்டாடியது, புனித அகுஸ்தீன் இவர்கள் திருநாளில் மறையுரை ஆற்றியிருக்கிறார். 354ஆம் ஆண்டின் ரோமை மறைசாட்சிகள் பட்டியலிலும் மார்ச் 7க்கு நேராக இவர்கள் பெயர் இருக்கிறது.

வாலிபருக்கு இன்னொருவரையும் சொல்லுங்கள்: பிளந்தினா. 177ஆம் ஆண்டு, இன்றைய பிரான்சின் லியோன் நகரம். அவளும் அடிமை. உடல் மெலிந்தவள், தாங்கமாட்டாள் என்று உடன் நின்ற அவளுடைய எஜமானியே பயந்தாள். காலை முதல் மாலை வரை மாறிமாறி வதைத்தவர்கள்தான் களைத்துப்போனார்கள். "நான் கிறிஸ்தவள், எங்களிடம் தீயது எதுவும் நடப்பதில்லை" என்பதே அவள் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்த வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவர்கள் பிள்ளைக்கறி தின்கிறார்கள், முறைகெட்டு நடக்கிறார்கள் என்று ஊரில் வதந்தி. பிபிலிஸ் என்ற பெண் முதலில் மறுதலித்துவிட்டாள். அந்த வதந்தியை அவள் வாயால் உறுதிப்படுத்தச் சொல்லி வதைத்தபோது தெளிந்தவள்போல விழித்து, விலங்கின் இரத்தத்தைக்கூட உண்ணாதவர்கள் எப்படிப் பிள்ளைகளைத் தின்பார்கள் என்று கேட்டாள். அங்கேயே தன்னைக் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டு மறைசாட்சிகளோடு சேர்ந்தாள். விழுந்து எழுந்தவர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள் என்பது இளையோருக்கு மிகவும் தேவை. இதெல்லாம் லியோன், வியன் சபைகள் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. யூசேபியுஸ் தன் திருச்சபை வரலாற்றின் ஐந்தாம் புத்தகத்தில் அதைச் சேர்த்து வைத்ததால் நமக்குக் கிடைத்தது.

---

எலத்தகிரி மறைக்கல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிரதியை இதன்படி மாற்றுகிறோம். இரண்டு விஷயம் மட்டும். ஆக்னஸ், கத்தரீன், பிலோமினா இவர்களையும் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள், பெயர் வைத்தவர்கள் பங்கில் நிறைய. அப்புறம், நாடகத்தை எந்த இடத்தில் முடிப்பது? கழுத்தில் வாள் வைப்பதைக் காட்டலாமா?

---

காவேரிப்பட்டணம் ஆசிரியை எழுதியது:

ஆக்னஸ் உண்மையில் இருந்த மறைசாட்சி. 354 பட்டியலில் ஜனவரி 21இல் இருக்கிறாள், புனித அம்புரோஸ் அவளுக்கு 12 வயது என்கிறார். ஆனால் எப்படிக் கொல்லப்பட்டாள் என்பதில் பழைய ஆசிரியர்களே மாறுபடுகிறார்கள், ஒருவர் வாள் என்கிறார், ஒருவர் நெருப்பு என்கிறார். ஆகவே அவள் வயதையும் உறுதியையும் சொல்லலாம், வதைகளை அடுக்கக்கூடாது. அலெக்சாந்திரியா கத்தரீனுக்குப் பழைய சான்று கிடைக்காததால் 1969இல் பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, 2002இல் விருப்ப நினைவாகத் திரும்ப வந்தாள். பிலோமினா 1802இல் ரோமைச் சுரங்கக் கல்லறையில் கிடைத்த எலும்புகளையும் ஓடுகளில் இருந்த எழுத்துகளையும் வைத்து எழுந்த பக்தி, 1961இல் நாள்காட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது. அந்தப் பெயர் வைத்தவர்கள் செபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பெர்பெத்துவாவின் சொந்த எழுத்தோடு அந்தக் கதைகளை ஒரே மேடையில் கலந்தால் பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடைபோடுவார்கள். தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பென்னாகரம் கூத்து ரசிகர் எழுதியது:

முடிவுக்கு வருகிறேன். பசு முட்டிய பிறகு இருவரையும் உயிர் வாசல் என்ற வாயிலுக்குத் திரும்ப அழைத்தார்கள். பெர்பெத்துவா தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல, "எப்போது அந்தப் பசுவிடம் கொண்டுபோவார்கள்?" என்று கேட்டாள். உடம்பிலும் உடையிலும் இருந்த காயத்தைக் காட்டிய பிறகே நம்பினாள். சகோதரனையும் திருமுழுக்குத் தயாரிப்பில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, "விசுவாசத்தில் நிலைத்திருங்கள், ஒருவரையொருவர் நேசியுங்கள், எங்கள் பாடுகளைக் கண்டு இடறிப்போகாதீர்கள்" என்றாள். இதைத்தான் கடைசி வசனமாக வைக்க வேண்டும், மைக்கில் தெளிவாக. மைதானத்தில் தாழ்ந்த குரல் காற்றோடு போய்விடும். வாசல் நிற்கும் இடத்தில் ஸ்டாண்டு மைக் ஒன்றைத் தனியாக வையுங்கள், கீழே விழும் காட்சிகளில் காலர் மைக் உரசிக் கரகரக்கும்.

அதன்பின் வசனம் இல்லை. கூட்டம் அவர்களை நடுவில் கொண்டுவரக் கேட்டது, அவர்களாகவே எழுந்து போனார்கள், ஒருவருக்கொருவர் அமைதி முத்தம் கொடுத்தார்கள். பெர்பெத்துவா முறை வந்தபோது வாள்வீரன் புதியவன், எலும்பில் பட்டது, அலறினாள், பிறகு அவனுடைய நடுங்கும் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனாள். மேடையில் அமைதி முத்தத்தோடு நடிப்பை நிறுத்துங்கள். மீதியைக் கட்டியங்காரி ஆவணத்தில் உள்ள வார்த்தைகளில் வாசித்துவிடட்டும். குங்குமத் தண்ணீரோ சாயமோ எதுவும் வேண்டாம். அலறினாள் என்பதை மட்டும் வாசிப்பில் விட்டுவிடாதீர்கள். வலிக்காத உடம்பு இல்லை அவளுக்கு.

---

ஓசூர் வாசகன் எழுதியது:

ஒரு சேர்க்கை. அன்று காலைத் திருப்பலியைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். தவக்கால வார நாளில் புனிதர் நினைவு முழுமையாக வராது, திருப்பலித் தொடக்கத்தில் வரும் திருக்குழும மன்றாட்டை மட்டும் புனிதர்களுடையதாக எடுக்கலாம். நற்கருணை மன்றாட்டில் முதலாவதைப் பயன்படுத்தக் கேளுங்கள். பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னஸ், செசிலியா, அனஸ்தாசியா என்று பெண் மறைசாட்சிகள் ஏழு பேரின் பெயர் அதில்தான் வரிசையாக வருகிறது. அந்தப் பெயர்கள் திருப்பலி நூலில் அடைப்புக்குறிக்குள் இருப்பதால் அருள்பணியாளர் விரும்பினால் விட்டுவிடலாம். விடாமல் வாசிக்கும்படி முதல் நாளே சொல்லி வையுங்கள்.